பழைய தட்டிலிருந்து சாம்பிள் எடுப்பது என்றால் என்ன?

போன வைகாசியில் கிளிநொச்சியில் ஒரு கலியாண வீட்டுப் பந்திக்குள் இருந்தபோது, பக்கத்துக் கதிரையில் இருந்தவர் நான் பின்னேரங்களில் வீட்டில் என்ன செய்கிறேன் என்று கேட்டார். பழைய இசைத்தட்டுகளிலிருந்து சாம்பிள் எடுத்து, அதாவது சின்னத் துண்டு வெட்டி, இசை செய்கிறேன் என்றேன். "ஓ, றீமிக்ஸ்" என்றார். எதிரே இருந்த அண்ணன், "அது மற்றவன்ர பாட்டைக் களவெடுக்கிற வேலையெல்லே" என்றார். சாம்பார் வாளியோடு வந்த பெடியன் நின்று கேட்டுவிட்டு, "இப்ப அதுக்கெல்லாம் அப் இருக்கு அண்ணை, அமத்தினா அதுவே செய்யும்" என்று முடித்து வைத்தான். மூன்று பேர் சொன்னதும் பிழை, ஆனால் மூன்றிலும் கொஞ்சம் உண்மையும் ஒட்டிக்கொண்டிருந்தது, அதுதான் கரைச்சல். பாயாசம் வருவதற்குள் விளங்கப்படுத்தி முடிகிற விஷயம் இல்லை என்பதால் அன்றைக்குச் சிரித்துவிட்டுச் சாப்பிட்டேன். இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

இதற்குச் சங்கீதம் படித்திருக்கத் தேவையில்லை. சைக்கிளும் வயலும் குளமும் தெரிந்தால் போதும்.

## தட்டில் கிடப்பது என்ன

தட்டை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தால் வட்டம் வட்டமாக நூற்றுக்கணக்கான கோடுகள் இருப்பதுபோல் தெரியும். ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு கோடுதான் இருக்கிறது. உழவு மிசின் வயற்கரையில் தொடங்கிச் சுற்றிச் சுற்றிக் கடைசியில் நடுவுக்கு வந்து நிற்கிற மாதிரி, அந்த ஒரே கோடு வெளி விளிம்பில் தொடங்கி உள்ளே வந்து முடிகிறது. இதைத் தடம் என்போம். எல்பி என்று சொல்லும் பெரிய தட்டு நிமிடத்துக்கு 33⅓ தரம் சுற்றும், அப்படியென்றால் 22 நிமிடம் ஓடுகிற ஒரு பக்கத்தில் தட்டு 730 தரத்துக்கு மேல் சுற்றிவிடுகிறது, தடத்தை உருவி நேராக நீட்ட முடிந்தால் கிட்டத்தட்ட அரைக் கிலோமீற்றர் வரும்.

சரி, தடத்துக்குள் பாட்டு எப்படி இருக்கிறது? மாரியில் சேறான ஒழுங்கையால் ஒருவர் சைக்கிளில் போயிருப்பார். அவர் தள்ளாடிய தள்ளாட்டமெல்லாம் சேற்றில் பதிந்து, பங்குனி வெயிலில் காய்ந்து இறுகிவிடும். பிறகு ஒருநாள் உங்கள் சைக்கிள் சில்லு அந்தத் தடத்துக்குள் விழுந்தால், அவர் ஆடிய அதே ஆட்டத்தை நீங்களும் ஆடித்தான் ஆகவேண்டும், கையை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் விடாது. தட்டில் நடப்பது இதுதான். பாடியபோது காற்று அதிர்ந்தது, அந்த அதிர்வுக்கு ஏற்றபடி வெட்டுகிற ஊசி ஒன்று ஆடி ஆடித் தடத்தை வெட்டியது, பல வருடம் கழித்து உங்கள் வீட்டு ஊசி அதே தடத்தில் விழுந்து அதே ஆட்டத்தை ஆடுகிறது.

தட்டுகளில் இரண்டு சாதியை மட்டும் தெரிந்து வைத்திருங்கள். பழைய 78 சுற்றுத் தட்டுகள் அரக்குப் பூச்சியிலிருந்து வரும் அவலரக்கைக் கலந்து செய்தவை, பாரமானவை, கை தவறினால் ஓடு மாதிரி உடையும். 1948க்குப் பிறகு வந்த வினைல் தட்டு பிளாஸ்ரிக் சாதி, உடையாது, வெயிலில் வைத்தால் நெளியும். 78இன் தடம் எல்பியினதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அகலம், ஆகவே எல்பி ஊசியை அதில் வைத்தால் ஊசி அடியில் கிடந்து குப்பையைத்தான் வாசிக்கும். அதற்கென்று வேறு ஊசி வாங்கவேண்டும்.

எங்கள் பெரியப்பா மைக் செற் வாடகைக்கு விட்டவர். திருவிழா, கலியாணம், சாமத்தியவீடு என்று எதுவானாலும் பனையில் குழாய் ஸ்பீக்கர் கட்டி ஊரையே எழுப்பிவிடுவார். அவருடைய தட்டுகளில் அனேகமானவை 2009 இடப்பெயர்வோடு போய்விட்டன. அதற்கு முன்பே வவுனியாவில் ஒரு சொந்தக்கார வீட்டில் கொடுத்துவைத்த 11 தட்டுகள் மட்டும் தப்பின, அதிலும் இரண்டு யன்னலோர வெயிலில் அப்பளம்போல் நெளிந்து கிடந்தன. ஆயிரம் தட்டு இல்லாமல் இந்த வேலைக்கு இறங்கக் கூடாது என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். என்னிடம் ஓடக்கூடியது 9. இதுவரை உருப்படியாகப் பாவித்தது ஒன்று.

## ஊசி ஒரு குட்டி டைனமோ

90களில் வன்னிக்குள் இருந்தவர்களுக்கு இந்தப் பகுதி விளங்கப்படுத்தாமலே விளங்கும். கறண்ட் இல்லை, பற்றறி உள்ளே வரத் தடை, ஆனால் செய்தி கேட்கவேண்டும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோ வயரை றேடியோவில் கொழுவி, வீட்டில் ஆர் சின்னப் பெடியனோ அவனைக் கொண்டு பெடலைச் சுற்றுவிப்பார்கள். கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். எங்கள் வீட்டில் அந்தச் சின்னப் பெடியன் நான்.

டைனமோவுக்குள் இருப்பது ஒரு காந்தமும் கம்பிச் சுருளும். காந்தம் ஆடினால் சுருளில் மின்சாரம் பிறக்கும், அவ்வளவுதான் சூத்திரம். தட்டு ஓடும் ஊசியின் மறுமுனையிலும் அரிசி மணியைவிடச் சின்னதாக ஒரு காந்தம் இருக்கிறது, பக்கத்தில் மயிர்போன்ற கம்பிச் சுருள் இருக்கிறது. ஊசி ஆடக் காந்தம் ஆடுகிறது, காந்தம் ஆடச் சுருளில் அதே ஆட்டம் மின்சாரமாக வருகிறது. ஊசியும் காந்தமும் சுருளும் சேர்ந்த அந்தச் சின்னப் பெட்டிக்குப் பெயர் கார்ட்ரிட்ஜ்.

சைக்கிள் டைனமோ 6 வோல்ட் தரும். இந்தக் குட்டி டைனமோ தருவது 5 மில்லிவோல்ட் அளவு, அதாவது ஆயிரத்தில் ஐந்து பங்கு வோல்ட். அதனால்தான் கனபேர் பிளேயரை நேரே லாப்டொப்பில் கொழுவிவிட்டு, கிணற்றுக்குள் இருந்து பாடுகிற மாதிரிக் கேட்கிறது, தட்டுப் பழுது என்கிறார்கள். தட்டு நல்லாகத்தான் இருக்கிறது. இடையில் போனோ பிறீஅம்ப் என்ற சின்னப் பெட்டி ஒன்று வேண்டும். சில பிளேயர்களில் அது உள்ளேயே இருக்கும், பின்பக்கத்தில் போனோ, லைன் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தப் பெட்டி சத்தத்தைக் கூட்டுவதோடு இன்னொரு வேலையும் பார்க்கிறது. அடித்தொனி, அதாவது பாஸ், தடத்தை மிகவும் அகலமாக ஆட்டும். அதை உள்ளபடி வெட்டினால் பக்கத்துச் சுற்றுக்குள் போய் முட்டும். ஆகவே வெட்டும்போதே பாஸைக் குறைத்து, கீச்சொலியைக் கூட்டி வெட்டுவார்கள். வைக்கோலை லொறியில் ஏற்றும்போது அமத்திக் கட்டி ஏற்றி, வீட்டில் இறக்கியபிறகு உதறி விரிக்கிற கதை. எவ்வளவு அமத்துவது என்பது 1954இல் இருந்து எல்லாருக்கும் ஒரே கணக்கு, அதற்கு ஆர்ஐஏஏ வளைவு என்று பெயர். பிறீஅம்ப் அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகிறது. பெட்டி இல்லாமல் எடுத்தால் பாட்டு மெலிந்து தகரமாகக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

இதுவரை சொன்னது: பாட்டு தடத்தில் நெளிவாகக் கிடக்கிறது, ஊசி அந்த நெளிவை மின்சாரம் ஆக்குகிறது, பிறீஅம்ப் அதைப் பெரிதாக்கி உதறி விரிக்கிறது. இன்னும் கொம்பியூட்டருக்குள் போகவில்லை.

## குளத்து அளவுகோலும் முதலாவது சாம்பிளும்

குழப்பம் தொடங்குகிற இடம் இது. சாம்பிள் என்ற ஒரே சொல்லுக்கு இந்தத் தொழிலில் இரண்டு கருத்து. இரண்டையும் கலந்து கதைப்பதால்தான் பாதிப் பேச்சு விளங்காமல் போகிறது.

இரணைமடுக் குளத்தில் நீர்மட்டத்தை அளவுகோலில் பார்த்து எழுதுவது தெரியும்தானே. தண்ணீர் ஓயாமல் ஏறி இறங்குகிறது, கொப்பியில் இருப்பதோ குறித்த நேரத்தில் பார்த்த எண்கள் மட்டும். ஆனாலும் அந்த எண்களைப் புள்ளிகளாக வைத்துக் கோடு கீறினால் அந்த மாரியில் குளம் எப்படி ஏறியது என்பது திரும்ப வந்துவிடும். கொம்பியூட்டர் செய்வதும் இதே வேலை. தண்ணீருக்குப் பதில் வோல்ட்டைப் பார்க்கிறது, காலையில் ஒரு தரம் என்பதற்குப் பதில் ஒரு செக்கனுக்கு 44,100 தரம் பார்த்து எழுதுகிறது. அப்படி எழுதிய ஒவ்வொரு எண்ணும் ஒரு சாம்பிள். நான் இந்தக் கட்டுரையில் இதை அளவீடு என்றே சொல்லப்போகிறேன், குழப்பம் வேண்டாம்.

ஏன் 44,100? ஓர் அதிர்வு என்றால் ஒரு தரம் ஏறி ஒரு தரம் இறங்குவது. அதைப் பிடிக்க ஒரு சுற்றில் குறைந்தது இரண்டு தரத்துக்கு மேல் பார்க்கவேண்டும். மனிதக் காதுக்கு மேல் எல்லை ஏறத்தாழ செக்கனுக்கு 20,000 அதிர்வு, இரண்டால் பெருக்கினால் 40,000, அதற்குமேல் கொஞ்சம் இடம் விட்டு 1982இல் வந்த சீடிக்கு 44,100 என்று வைத்தார்கள். 96,000இல் எடுத்தால்தான் கிளியர் என்று ஆராவது சொன்னால், சரி என்று சொல்லிவிட்டு 44,100இலேயே எடுங்கள். தொடக்கத்தில் உங்கள் ஊசியில் இருக்கிற தூசிதான் பிரச்சினை, இந்த எண் இல்லை.

அளவுகோலில் எத்தனை கோடு கீறியிருக்கிறது என்பது அடுத்த கேள்வி. 16 பிட் என்றால் அடியிலிருந்து நுனிவரை 65,536 கோடுகள். இதில் ஒரு சங்கடம் உண்டு. தண்ணீர் அளவுகோலின் நுனியைத் தாண்டி ஏறிவிட்டால் எவ்வளவு தாண்டியது என்று எழுத வழியில்லை, எல்லாவற்றையும் நுனி என்றே எழுதவேண்டியதுதான். ஒலியில் இதற்குக் கிளிப்பிங் என்று பெயர், அலையின் உச்சி கத்தியால் வெட்டிய மாதிரி மொட்டையாகி, கரகரவென்று கேட்கும், பிறகு எந்த அப்பாலும் முழுசாகச் சரிக்கட்ட ஏலாது. ஆகவே தட்டைப் பதியும்போது மீற்றர் சிவப்புக்குக் கிட்டப் போகாமல், மைனஸ் 6 டெசிபெல் அளவில் நிற்கும்படி கைபிடியைக் குறைத்து வையுங்கள். மாரி வருமுன் குளத்தில் இடம் விட்டு வைக்கிற புத்தி.

## இரண்டாவது சாம்பிள்

இனி எல்லாரும் வாயில் சொல்லுகிற சாம்பிளுக்கு வருவோம். பதிந்த ஒலியிலிருந்து வெட்டி எடுத்த ஒரு துண்டு, அதுதான் சாம்பிள். அரைச் செக்கனாகவும் இருக்கலாம், பத்துச் செக்கனாகவும் இருக்கலாம். றீமிக்ஸுக்கும் இதற்கும் வித்தியாசம் இங்கே தெரியும். றீமிக்ஸ் என்றால் பாட்டு அதே பாட்டு, உடுப்பு மட்டும் வேறு. சாம்பிள் எடுத்துச் செய்வதில் பழைய பாட்டு மூலப்பொருள். சேலையில் ஒரு முழம் கிழித்துத் தலையணை உறை தைத்தால் அதை ஒருவரும் சேலை என்று சொல்ல மாட்டார்கள்.

எடுத்த துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் அது லூப். முன்பு களத்தில் சூடு மிதிக்கும்போது மாடுகள் நடுக்கட்டையைச் சுற்றி ஒரே வட்டத்தில் வந்துகொண்டே இருக்கும், போன இடத்துக்கே போகும், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் நெல் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். லூப்பும் அப்படித்தான். முதல் நாலு சுற்றில் காது பாட்டைக் கேட்கிறது. பத்தாவது சுற்றில் பாட்டு மறைந்து, முன்பு கவனிக்காத ஒரு மூச்சு, ஒரு சின்ன இழுவை, பின்னால் ஆரோ கதிரையை அரக்கிய சத்தம் எல்லாம் முன்னுக்கு வந்து நிற்கும்.

இதைக் கண்டுபிடித்தது கொம்பியூட்டர் இல்லை. 1948இல் பாரிஸ் வானொலியில் இருந்த பியேர் ஷேஃபர் என்ற பொறியியலாளர், ரயில் நிலையத்தில் பதிந்த எஞ்சின், விசில், சில்லுச் சத்தங்களைத் தட்டுகளில் வைத்து ஓர் இசை செய்தார். தடம் உள்ளே போகாமல் தன்னைத்தானே வந்து சேரும்படி, மூடிய வட்டமாகத் தட்டை வெட்டினார், ஊசி அந்த வட்டத்திலிருந்து வெளியே வர வழியில்லை. அதுதான் பூட்டிய தடம், லூப்புக்குப் பாட்டன். தன் இசைக்கு அவர் வைத்த பெயரில் கொங்கிறீற் என்ற சொல் வரும், சீமெந்துக் கலவை என்று நினைக்க வேண்டாம், கற்பனையில் தொடங்காமல் கையில் உள்ள ஒலியில் தொடங்குவது என்ற கருத்தில் வைத்த பெயர். 25 வருடம் கழித்து, 1973 ஆகஸ்ட் 11, நியூயோர்க்கின் பிறொங்ஸ் பகுதியில் தன் தங்கச்சி வைத்த பார்ட்டியில் டிஜே கூல் ஹேர்க் தட்டு ஓட்டினார். ஒரே தட்டில் இரண்டு பிரதி எடுத்து இரண்டு பிளேயரில் போட்டு, சனம் துள்ளி ஆடுகிற அந்தச் சின்ன மேளத் துண்டு ஒன்றில் முடிய மற்றதில் தொடங்கி, அது முடிய இதைப் பின்னுக்கு இழுத்து என்று நீட்டிக்கொண்டே போவது அவர் பழகிய வித்தை. ஹிப்ஹொப்பின் பிறந்தநாள் என்று அந்த நாளைத்தான் சொல்கிறார்கள். மெசின் பிறகு வந்தது.

சுருக்கினால்: செக்கனுக்கு 44,100 தரம் எழுதுவது அளவீடு, அதிலிருந்து வெட்டுகிற துண்டு சாம்பிள், துண்டு சுற்றினால் லூப்.

## வேகம் மாறினால் சுருதியும் மாறும்

தட்டில் நேரமும் சுருதியும் ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு மாடு. வேகமாகச் சுற்றினால் பாட்டுச் சீக்கிரம் முடியும், குரலும் கீச்சிடும். 33⅓ தட்டை 45இல் ஓடவிட்டால் வேகம் 1.35 மடங்கு, ச என்று பாடியது ம என்று கேட்கும், கணக்காகச் சொன்னால் சுத்த மத்திமத்துக்கு ஒரு பொட்டு மேலே. 1987இல் வந்த எஸ்பி 1200 என்ற, சாம்பிளைப் பதிந்து வாசிக்கிற சாம்ப்ளர் மெசினுக்கு மொத்த ஞாபகமே 10 செக்கன்தான். ஆகவே ஹிப்ஹொப் செய்த பெடியள் தட்டை 45இல் ஓட்டி, குறுகிய துண்டாக உள்ளே எடுத்து, மெசினுக்குள் வைத்து மெதுவாக்கினார்கள். இடம் மிச்சம். அப்படி இழுத்ததில் ஒலி கொஞ்சம் சொரசொரப்பாகி வந்தது, பிறகு அந்தச் சொரசொரப்பையே சனம் விரும்பத் தொடங்கிவிட்டது. இன்றைய மென்பொருளில் சுருதியை விட்டு நேரத்தை மட்டும் இழுக்கலாம்தான், நான் அனேகமாகச் செய்வதில்லை, மிகவும் இழுத்தால் றப்பர் மாதிரி ஆகிவிடுகிறது.

மெதுவாக்குவதைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. என் தட்டில் தவில்காரர் தொப்பியில், அதாவது தவிலின் இடப்பக்கத் தோலில், ஒரு தட்டுத் தட்டிவிட்டு அரைச் செக்கன் நிறுத்துகிற இடம் ஒன்று உண்டு, சுத்தமான ஒரே அடி. அதை எடுத்து நாலு மடங்கு மெதுவாக்கினேன். இரவு ஒன்பது மணி இருக்கும், ஸ்பீக்கரில் போட்டேன், தொலைவில் எங்கோ விழுந்து உருண்டு அடங்குகிற மாதிரி ஒரு முழக்கம், எனக்குப் பெரிய சந்தோசம், இரண்டாம் தரம் போட்டேன். அம்மா குசினியால் வந்து வாசலில் நின்றார். கையில் அகப்பை. "உதை நிப்பாட்டு தம்பி" என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. அது எதைப்போல் கேட்டது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கோப்பை அழித்துவிட்டேன். சாம்பிள் வெறும் ஒலி, அதற்கு முன்கதை கிடையாது என்று சிலர் எழுதுகிறார்கள், அவர்கள் எங்கள் வீட்டில் ஸ்பீக்கர் போட்டதில்லை.

## ஒரு துண்டை வெட்டிப் பார்ப்போம்

என்னிடம் உள்ள அந்த ஒரே உருப்படியான தட்டு ஒரு நாதஸ்வர எல்பி. ஆலாபனை தொடங்கமுன் ஒத்து மட்டும் தனியே ஊதுகிற இடம் கிட்டத்தட்ட 9 செக்கன் இருக்கிறது. ஒத்து என்றால் ராகம் வாசிக்காமல் சுருதியை மட்டும் விடாமல் பிடிக்கிற குழல், இப்போது அந்த இடத்தைச் சுருதிப்பெட்டி எடுத்துவிட்டது. லூப்புக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

தட்டை மெல்லிய துணியால் தடத்தின் வழியே துடைத்து, ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிந்தேன். திரையில் அலை தெரியும், அதற்கு நடுவால் ஒரு நேர்கோடு போகும், அதுதான் பூச்சியக் கோடு, ஒலியே இல்லாத நிலை. முதல் தரம் கண்ட இடத்தில் வெட்டி லூப் ஆக்கினேன். ஒவ்வொரு சுற்றிலும் டிக் என்று ஒரு சத்தம். தட்டில் கீறல் என்று நினைத்து அரை மணித்தியாலம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிழை என் வெட்டில் இருந்தது: துண்டின் முடிவில் அலை மேலே நிற்கிறது, தொடக்கத்தில் கீழே நிற்கிறது, இரண்டும் சேர்கிற இடம் பாலமும் றோட்டும் சேருகிற இடத்தில் அரை அடிப் படி விட்ட மாதிரி. மோட்டார்சைக்கிள் அதில் ஏறினால் டக் என்று அடிக்கும்தானே, ஸ்பீக்கரும் அப்படித்தான் அடிக்கிறது. இரண்டு முனையையும் அலை பூச்சியக் கோட்டைக் கடக்கிற இடத்தில் வெட்டினால் படி போய்விடும். ஓடாசிட்டியில் துண்டைத் தெரிவுசெய்து இசட் எழுத்தை அமத்தினால் அந்த இடத்தை அதுவே தேடித்தரும். வாளிப் பெடியன் சொன்ன "அமத்தினா செய்யும்" என்பது இந்த அளவுக்கு உண்மை.

டிக் போனது. அடுத்த தொல்லை, 4 செக்கனுக்கு ஒரு தரம் ஒத்து அதே இடத்தில் லேசாகப் பெருத்துச் சிறுத்தது. அலுப்பு. ஊஞ்சலைப் பார்த்துக்கொண்டே இருப்பதுபோல. அதற்கு நான் செய்தது, அதே ஒத்திலிருந்து இரண்டு துண்டு வெட்டினேன், ஒன்று 3.7 செக்கன், மற்றது 5.3 செக்கன். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கிச் சுற்றவிட்டால் இரண்டும் மறுபடி ஒரே நேரத்தில் தொடக்கத்துக்கு வர 196.1 செக்கன் பிடிக்கும், அதாவது மூன்றே கால் நிமிடத்துக்கு மேல். அதுவரை இரண்டும் ஒவ்வொரு தரமும் வேறு வேறு இடத்தில் உரசிக்கொள்ளும், ஒரே சேர்க்கை இரண்டு தரம் வராது. 9 செக்கன் பொருளில் மூன்று நிமிட இசை. பரிசோதனை இசை என்று பெரிதாகச் சொல்வதில் பாதி இந்த மாதிரியான சின்னக் கணக்குத்தான்.

பிறகு கீறல். உண்மையான கீறலும் தட்டில் இருந்தது, முதற்பாதியில், ஒரு சுற்றுக்கு ஒரு தரம் டப். 33⅓ சுற்றில் ஒரு சுற்றுக்கு 1.8 செக்கன். அதை நீக்க மென்பொருள் இருக்கிறது, நான் நீக்கவில்லை, அதையே தாளமாக எடுத்தேன். 1.8 செக்கனை மூன்றாகப் பிரித்தால் நிமிடத்துக்கு 100 அடி, நாலாகப் பிரித்தால் 133. நான் மூன்றை எடுத்து, இரண்டாவது மூன்றாவது அடிக்கு என் கையால் மேசையில் தட்டிப் போனில் பதிந்ததை வைத்தேன். உங்கள் தட்டு 45 என்றால் ஒரு சுற்று 1.33 செக்கன், கணக்கு வேறு.

செலவு? பிளேயர் பழையது, பிறீஅம்ப் ஒன்று, லாப்டொப். லாப்டொப் இல்லாதவர்கள் போனில் கோலா என்ற சாம்ப்ளரைப் பாவிக்கிறார்கள், அது போதும்.

## அப்போ, களவா?

எதிர்க் கதிரை அண்ணனுக்கு வருவோம். ஒரு பதிவில் குறைந்தது இரண்டு உரிமை இருக்கிறது, இதைப் பிரித்துப் பார்க்காமல்தான் எல்லாரும் சண்டை பிடிக்கிறார்கள். பாட்டை எழுதி மெட்டுப் போட்டவரின் உரிமை ஒன்று. அதைப் பாடிப் பதிந்த அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவின் உரிமை மற்றது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி முதலாவது, ஆக்கியவர் இறந்து 70 வருடம்வரை நிற்கும். ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 50 வருடம். இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு 60. தியாகராசர் கீர்த்தனை என்றால் மெட்டுக்கு ஆரிடமும் கேட்கத் தேவையில்லை, அவர் 1847இல் மறைந்தவர், ஆனால் அதை வாசித்துப் பதிந்த தட்டு வேறு விஷயம், வாசித்த வித்துவானுக்கும் உரிமை உண்டு. பழைய தட்டென்றால் எல்லாம் பொது என்பது பிழை.

இதைவிடப் பெரிய பிழை, "ஏழு செக்கனுக்குள் எடுத்தால் கேஸ் இல்லை" என்ற கதை. அப்படி ஓர் எண் எந்தச் சட்டத்திலும் கிடையாது. ஜேர்மனியின் கிறாஃப்ட்வேர்க் குழு தங்கள் 1977ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றிலிருந்து வேறு ஆட்கள் எடுத்த வெறும் 2 செக்கன் மேளத்துக்காக இருபது வருடத்துக்குமேல் நீதிமன்றப் படி ஏறி இறங்கியது. 2019இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது, எவ்வளவு சின்னத் துண்டானாலும் பதிவை எடுத்தால் அது பிரதி செய்வதுதான், காதுக்கு அடையாளமே தெரியாதபடி மாற்றினால் ஒழிய. எங்கள் நாட்டை அந்தத் தீர்ப்புக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் நான் எனக்கு வைத்திருக்கிற விதி அதற்குக் கிட்டத்தான் வருகிறது: வீட்டில் பழக எதையும் எடுப்பேன், வெளியில் போடுவதென்றால் உரியவரிடம் கேட்கவேண்டும், கேட்க ஆளில்லாவிட்டால் போடுவதில்லை. நாதஸ்வரத் துண்டு அதனால்தான் இன்னும் என் லாப்டொப்புக்குள்ளேயே கிடக்கிறது. அண்ணன் சொன்னது முழுப் பிழை என்று சொல்ல மாட்டேன்.

## தட்டே இல்லாவிட்டால்

வன்னியில் அனேகமான வீடுகளில் தட்டு இல்லை, ஏன் இல்லை என்று இங்கே எழுதத் தேவையில்லை. ஷேஃபர் தொடங்கியதும் ரயில் சத்தத்தில்தானே. தகரக் கூரையில் மழை, தண்ணி இறைக்கிற மிசின் குளிரில் இரண்டு தரம் இருமிவிட்டுப் பிடிக்கிற சத்தம், ஏ9 றோட்டில் பஸ் கடக்கும்போது ஹோன் சுருதி இறங்குவது, எல்லாம் போனில் பதியலாம். வெட்டுவதும் பூச்சியக் கோடும் 3.7க்கு 5.3உம் அங்கேயும் அதேதான், உரிமைக்காரன் நீங்களே.

எங்கள் ஒழுங்கை முடிவில் ஒரு நெல்லு மில் இருக்கிறது. மோட்டாரையும் உருளையையும் பூட்டுகிற பட்டி அறுந்து, ஒட்டுப் போட்டு ஓடுகிறது, அந்த ஒட்டு உருளைக்கு வரும்போதெல்லாம் ஒரு டக். கீறல் விழுந்த தட்டு மாதிரியே. போன கிழமை வாசலில் நின்று எண்ணினேன், நிமிடத்துக்கு 94. பதிய வரட்டோ என்று முதலாளியிடம் கேட்டேன். "காலபோக நெல்லு வரமுன் வா, அதுக்குப் பிறகு எனக்குக் கதைக்க நேரமிராது" என்றார், பட்டி மாத்தப்போறனோ தெரியாது என்றும் சொன்னார்.